மூளையின் பெயரால் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோச்சிங்கில், அதாவது வாழ்க்கை, பணி இலக்குகளை எட்ட ஒருவருக்கு வழிகாட்டும் தொழிலில், நரம்பியல் அறிவைப் பயன்படுத்துவதை ஆர்வத்தோடு வரவேற்றுத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நானும் இதே தொழிலில் இருப்பதால் அந்த ஆர்வம் புரிகிறது. ஆனால், 'அமிக்டலா (உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதி) தூண்டப்படுகிறது', 'டோபமைன் (மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) சுரக்கிறது' என்று சொல்லிவிட்டாலே ஓர் அறிவுரை அறிவியலாகிவிடாது. அமிக்டலா அச்சத்தின்போது மட்டும் இயங்குவதில்லை. புதிய முகத்தைக் கண்டாலும், மனதுக்குப் பிடித்ததைக் கண்டாலும் இயங்கும். அதைக் கொண்டு ஒருவர் பயப்படுகிறார் என்று ஸ்கேன் எடுத்தவரே உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேனே எடுக்காத நாம் எப்படிச் சொல்வது? மோசமான விளக்கத்தோடு, சம்பந்தமே இல்லாத மூளைத் தகவலைச் சேர்த்தால் துறை அறியாதவர்கள் அதை எளிதாக ஏற்கிறார்கள் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். நம்மை நாடி வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித் துறை அறியாதவர்கள்தான்.

என்னிடம் வருபவர்களில் பலர், எங்கோ எழுதிய ஒரு தேர்வை நம்பி, "நான் வலது மூளைக்காரன், கணக்கு வழக்கெல்லாம் வராது" என்று முன்பே முடிவுகட்டிவிடுகிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து, மூளையின் ஒரு பக்கத்தையே அதிகம் பயன்படுத்தும் அப்படிப்பட்ட ஒருபக்க மூளைக்காரர்கள் இருப்பதற்குச் சான்று இல்லை என 2013இலேயே வெளியிட்டுவிட்டார்கள். எனவே சான்றிதழ் வழங்கும் பயிற்சி அமைப்புகள், பாடத்தில் சேர்க்கும் ஒவ்வொரு மூளைக் கூற்றுக்கும் மூல ஆய்வு எது, அது யாரிடம் நடத்தப்பட்டது, மறு ஆய்வில் நிலைத்ததா என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்