ஓர் எழுத்தால் செத்துப்போன மனிதர்: பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம்.

பீற்றில்ஸ் இசைக்குழுவின் போல் மக்கார்ட்னி 1966ஆம் ஆண்டிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார், அவருடைய சாயல் கொண்ட வேறொருவர்தான் அவர் பெயரில் பாடிவருகிறார் என்றொரு பழைய வதந்தி உண்டு. அதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட நூலைத் திருகோணமலையில் நடந்த வெளியீட்டு விழாவிலேயே வாங்கினேன். இரண்டு பிரதிகள். ஒன்று எனக்கு, மற்றது டொரன்டோவில் இருக்கும் அண்ணாவுக்கு. அண்ணாவின் பிரதி இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதை அனுப்ப மனம் வரவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது அண்ணாவிடம்தான். 1969ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ரேடியோ சிலோன் என்ற பெயர் போய்க் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆகியிருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். ஆங்கிலச் சேவையில் பீற்றில்ஸ் பாட்டு வருகிற நேரத்தில் அண்ணா வானொலிப் பெட்டியை விட்டு எழும்ப மாட்டான். ஒருநாள் மாலை, கப்பல்காரர் ஒருவர் நண்பன் வீட்டில் கொடுத்துவிட்டுப்போன ‘அபி ரோட்’ இசைத்தட்டை உறையோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். போல் செத்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். அதற்கான அடையாளம் எல்லாம் இந்தப் படத்திலேயே இருக்கிறதாம்.

அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிக் கிடக்கும் ஈய எழுத்துகளை வாசித்துப் பழகிய கண் அவருடையது. பீற்றில்ஸ் நால்வரும் வீதியைக் கடக்கும் அந்த உறைப் படத்தின் இடப்பக்கம் நிற்கும் வெள்ளை வொக்ஸ்வாகன் காரின் இலக்கத் தகட்டை அண்ணா காட்ட, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். “தம்பி, இது ‘ஐ’ இல்லை, ஒன்று” என்றார்.

வதந்தியின் பெரிய தூண் ஒன்று அந்த இடத்திலேயே விழுந்தது. தகட்டில் இருப்பது 281எஃப். ஒன்றை ‘ஐ’ என்று வாசித்தவர்கள் அதை ‘28 இஃப்’ என்று பிரித்து, ‘உயிரோடு இருந்திருந்தால் 28’ என்று பொருள் சொன்னார்கள். கடைசியில் நிற்கும் எஃப் என்பது பிரித்தானியாவில் 1967 ஆகஸ்ட் முதல் ஒரு வருட காலத்துக்குள் பதிவான வண்டிகளுக்கு இடப்பட்ட வருட எழுத்து. வேறு ஒன்றுமில்லை.

உங்கள் நூலின் 58ஆம் பக்கத்தில் அந்த இலக்கம் ‘28ஐஎஃப்’. 61ஆம் பக்கத்தில் ‘281எஃப்’. படத்தின் கீழே ‘281ஐஎஃப்’. எது வதந்திக்காரர்கள் வாசித்தது, எது தகட்டில் உள்ளபடியானது என்று உங்கள் வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பிறிதொரு நூலில் இது அச்சுப்பிழை. இந்த நூலில் இதுதான் விடயமே. ஓர் எழுத்தைப் பிழையாக வாசித்ததால் ஒரு மனிதர் செத்துப்போன கதையைச் சொல்ல வந்த நூல் அந்த எழுத்தையே மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறது.

சட்டைப் பட்டியின் கதையும் இதேதான். ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு 1967இல் வந்தது. அதன் உறையின் உட்பக்கப் படத்தில் போலின் சட்டைக்கையில் ஒரு பட்டி தெரியும். அதை ஓ.பி.டி. என்று வாசித்து, ‘உத்தியோகபூர்வமாக இறந்தவர் என அறிவிக்கப்பட்டவர்’ என்று விரித்தார்கள். துணி மடிந்திருந்ததால் வந்த மயக்கம் அது. உண்மையில் அது ஓ.பி.பி., ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரின் பட்டி. அண்ணா கனடாவுக்குப் போன புதிதில் நெடுஞ்சாலையில் பொலிஸ்காரர் ஒருவரின் கையில் அதே பட்டியைக் கண்டுவிட்டு, அன்றிரவே எனக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினான். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் நூலின் 74ஆம் பக்கம் சொல்கிறது: “அது ஓ.பி.டி. அல்ல, ஓ.பி.டி. என்பதே உண்மை.” ஓ.பி.டி. என்றால் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு என்று மட்டுமே அறிந்த எங்கள் ஊர் வாசகர் இந்த வசனத்தை எத்தனை தரம் வாசித்தாலும் ஒன்றும் விளங்காது. நான் பென்சிலால் திருத்தினேன். அண்ணாவின் பிரதியிலும் திருத்தலாமே என்று எண்ணிப் புரட்டிக்கொண்டு போனேன். 90ஆம் பக்கத்துக்குள் பென்சில் இரண்டு தரம் சீவ வேண்டியதாயிற்று.

நூலாசிரியரை நான் குறைசொல்லவில்லை. அவர் உழைத்திருப்பது தெரிகிறது. வதந்தி எந்தப் பாதையில் நடந்தது என்பதை ஆங்கிலத்தில்கூடப் பலர் குழப்பிவிடுகிறார்கள். அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். 1967 ஜனவரியில் இங்கிலாந்தின் எம்1 நெடுஞ்சாலையில் போல் விபத்துக்குள்ளானதாக ஒரு பேச்சு எழுந்ததும், ரசிகர்களுக்கான மாத இதழ் பெப்ரவரியில் அதை மறுத்ததும் ஒரு கதை. 1969 செப்டெம்பரில் அயோவா மாநிலத்து ட்ரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை இந்த வதந்தியை எழுதியதும், ஒக்ரோபர் 12ஆம் திகதி டெற்றொயிற் வானொலி நிலையம் ஒன்றுக்கு ஒருவர் தொலைபேசி எடுத்துப் பாட்டைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்கச் சொன்னதும் இன்னொரு கதை. இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் ஃப்ரெட் லபூர் ‘அபி ரோட்’ விமர்சனம் எழுதினார். போலின் இடத்தில் வந்தவருக்கு வில்லியம் கம்பெல் என்று பெயர் சூட்டியவர் அவர். பெயர் உட்பட அதில் பலவற்றைத் தானே கற்பனை செய்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். காலம் போக அவரே ஓர் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவராகவும் ஆனார். போலின் வாத்தியமும் அதுதான் என்பதை நினைக்கும்போது எனக்கு ஏனோ நெஞ்சு நெகிழ்கிறது.

இந்த ஒப்புதல் நூலின் உயிர்நாடி. நீங்கள் அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பின்னிணைப்பின் அடிக்குறிப்பில், பாதி வசனத்தோடு. மீதி வசனத்தை நான் தேடாத இடமில்லை. முன்பக்கங்களில் வில்லியம் கம்பெல் ஊர், பேர், முகத்தோடு உலாவுகிறார். அவர் பிறந்தது ஒரு மாணவனின் பேனாவில் என்ற செய்தி அச்சுக்கூடத்தில் தொலைந்துவிட்டது. ஆசிரியர் பொய்யை உடைக்க எழுதினார். உங்கள் பக்க அமைப்பு பொய்க்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டது.

பெயர் விடயத்துக்கு வருகிறேன். பீற்றில்ஸ், பீட்டில்ஸ், பீடில்ஸ் என்று மூன்றும் உங்கள் நூலில் இருக்கின்றன. எங்கள் வழக்கோ தமிழக வழக்கோ, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ‘போல்’ என்ற பெயரில் ஒரு பதிப்பாசிரியர் கட்டாயம் நின்று யோசித்திருக்க வேண்டும். “போல் போல் இருந்த ஒருவர் போல் போலவே பாடினார்” என்ற வசனம் 41ஆம் பக்கத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது. எது ஆள், எது உவம உருபு? உருவ ஒற்றுமையைப் பற்றிய நூல் முழுவதும் இந்தச் சொல் வந்துகொண்டே இருக்கும் என்பது கைப்பிரதியைத் தொட்டவுடனேயே தெரியுமே. அவரை ‘மக்கார்ட்னி’ என்று எழுதுவோம் என ஆசிரியரிடம் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எவரும் இந்த நூலுக்குக் கொடுக்கவில்லை.

ஒலி விடயமும் அப்படித்தான். பாட்டொன்றின் முடிவில் அதே குழுவின் ஜோன் லெனன் முணுமுணுத்ததைச் சிலர் ‘நான் போலைப் புதைத்தேன்’ என்று கேட்டார்கள். தான் சொன்னது ‘கிரான்பெரி சோஸ்’ என்றார் லெனன். நூலில் ஒன்று ‘போலைப் புதைத்தேன்’, மற்றது ‘குருதிநெல்லிக் குழம்பு’. இரண்டுக்கும் என்ன ஒலி ஒற்றுமை? ‘கிரான்பெரி சோஸ்’ என்பதையும் ‘ஐ பரீட் போல்’ என்பதையும் அருகருகே தமிழ் எழுத்தில் வைத்திருந்தால் வாசகர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே தெளிந்திருப்பார். பொருளை மொழிபெயர்த்துவிட்டுக் காதைக் கைவிட்டுவிட்டீர்கள்.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. இந்தக் கதையைத் தமிழில் எழுதினால் மட்டுமே கிடைக்கக்கூடிய வெளிச்சங்கள் இருக்கின்றன. போல் பிறந்தது 1942 ஜூன் 18. ‘அபி ரோட்’ வெளிவந்தது 1969 செப்டெம்பர் 26. அன்று அவருக்கு 27 வயதுதான். 28 பொருந்தவில்லையே என்று அங்கே பலர் குழம்பினார்கள். எங்கள் ஆச்சியிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார்: இருபத்தேழு முடிந்து இருபத்தெட்டு நடக்கிறது என்று. வெறுங்கால் விடயத்தையும் பாருங்கள். சவத்துக்குச் செருப்புப் போடுவதில்லை என்பதால் வெறுங்காலோடு வீதியைக் கடக்கும் போல் இறந்தவராம். கோணேசர் கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற ஊரில் வெறுங்கால் அப்படியா பொருள்படும்? படம் எடுத்த ஓகஸ்ட் 8ஆம் திகதி வெயில் நாள், செருப்பைக் கழற்றிவிட்டார், அவ்வளவே. வெள்ளை உடுத்த ஜோன் மதகுரு, கறுப்பு உடுத்த, குழுவின் இன்னொருவரான றிங்கோ துக்கம் கொண்டாடுபவர் என்பது அவர்களுடைய வாசிப்பு. எங்கள் செத்தவீட்டுக்கு வெள்ளையல்லவா உடுத்திப் போகிறோம்? ஆசிரியரோடு உட்கார்ந்து இவற்றைப் பேசியிருந்தால் நூல் எவ்வளவு உயர்ந்திருக்கும்! பதிப்பாசிரியர் என்பவர் அதற்குத்தானே இருக்கிறார்?

இந்த ஊருக்கும் இப்படியொரு கதை உண்டு. சுவாமி மலையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத்துத் தூணில் ஃபிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் வெட்டப்பட்டிருக்கின்றன. காதலன் கப்பலேறிப் போக, அவள் அந்த மலையிலிருந்து கடலில் குதித்து மாண்டாள் என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள். ஒல்லாந்த ஆவணங்களைப் பார்த்தவர்களோ, அவள் அதற்குப் பின்னும் வாழ்ந்து மறுமணம் செய்ததாக எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவரைச் சாகடிக்கும் கதை எங்களுக்குப் புதிதல்ல. அதன் மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும்: ‘உங்கள் மகனை அங்கே கண்டேன்’ என்று யாரோ சொல்லிவிட்டுப்போன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, வருடக்கணக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, சரியாகத்தான் கேட்டதா என்ற கேள்விகள் இங்கே பொழுதுபோக்கு அல்ல. அப்படிப்பட்ட வாசகர்களிடம் வதந்தியைப் பற்றிய ஒரு நூலைக் கொண்டுவரும்போது திகதிகளாவது பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் முதல் அத்தியாயத்தில் விபத்து 1966 நவம்பரில். நான்காம் அத்தியாயத்தில் 1969 நவம்பரில். 1969 நவம்பர் 7ஆம் திகதி ‘லைஃப்’ இதழின் அட்டையில் அவர் குடும்பத்தோடு ஸ்கொட்லாந்தில் நிற்கிறார் ஐயா! அந்த அட்டையைப் பற்றி உங்கள் நூலே பேசுகிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றிய பக்கங்களில் கொம்புகள் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன. 102ஆம் பக்கத்தின் முதற்பந்தி 103இலும் வருகிறது. பொருளடக்கம் ஓர் இலக்கத்தைச் சொல்கிறது, அத்தியாயம் வேறிடத்தில் தொடங்குகிறது. சொல்லடைவு இல்லை.

வெளியீட்டு விழாவில் வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் இருந்தன. முதற்பிரதி பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நூலின் நான்காம் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் பெயர் இல்லை. அப்படி ஒருவர் இருந்தாரா? இருந்திருந்தால் அவருக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்? அப்பா ஒரு கோயில் மலருக்குக்கூட மூன்று மெய்ப்புப் பார்த்தார். மூன்றாவதை வேறொருவரிடம் கொடுத்தார், தன் கண்ணுக்குப் பழகிவிட்டது என்று. அந்த வேலைக்குத் தனியாகக் கூலி உண்டு. அது அன்றாடம் காய்ச்சிகளாக இருந்த எங்கள் வீட்டுக்கு அரிசியும் பருப்புமாக வந்தது.

எனவே நான் கேட்பது இதுதான். கடைகளில் இருக்கும் பிரதிகளுக்குள் வைக்க ஒரு பிழைதிருத்தத் தாளை உடனே அச்சிடுங்கள். 41, 58, 61, 74ஆம் பக்கங்களும், அறுந்துபோன அந்த அடிக்குறிப்பும், விபத்தின் ஆண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும். இரண்டாம் பதிப்புக்கு முன் ஆசிரியரோடு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பதிப்பாசிரியரை நியமியுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, அவருடைய பெயரை நான்காம் பக்கத்தில் போடுங்கள். நான் பென்சிலால் திருத்திய பிரதியை வேண்டுமானால் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

அண்ணாவுக்கு இப்போது எழுபத்தைந்து நடக்கிறது. நூல் வந்துசேர்ந்ததா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்கிறான். தபாலில் ஏதோ தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் பிழைதிருத்தத் தாள் வந்ததும் அதை 74ஆம் பக்கத்தில் வைத்து அனுப்புவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்
திருகோணமலை