சுபெர்கா குன்றில் ஒரு சாயங்காலம்

டுரின், இத்தாலி,
ஜூன் 18

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. நடையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல். இங்கே நாங்கள் சௌக்கியம். நம் பெண் காவ்யாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்ன வீடுதான், ஆனால் நல்ல வெளிச்சம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே ட்ராம் போவது தெரியும்.

சாயங்காலமானால் அங்கே பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இந்த மாதம் இங்கே சூரியன் மறைய ஒன்பதேகால் மணியாவது ஆகிறது. ஆறு மணிக்கு வேலை முடித்து வருகிறவர்களுக்கு இன்னும் மூன்று மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அதை இவர்கள் வீணாக்குவதில்லை. போன வெள்ளிக்கிழமை காவ்யா என்னை ஒரு மாலை மலைநடைக்குக் கூட்டிப்போனாள். வழிகாட்டி ஒருவர் கூட வருவார், மேலே போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே அபெரிடிவோ என்று ஒரு பானமும் கொறிப்பும், பிறகு டார்ச் வெளிச்சத்தில் இறக்கம். இவருக்கு இடுப்பு வலி, அதனால் வரவில்லை.

டுரினுக்குக் கிழக்கே, போ நதியின் அக்கரையில், ஒரு குன்றுத் தொடர் இருக்கிறது. அதில் சுபெர்கா என்பது 670 மீட்டர் சொச்சம் உயரம். உச்சியில் ஒரு பேராலயம். அதன் குவிமாடம் ஊருக்குள் பல தெருக்களிலிருந்து தெரியும். அடிவாரத்தில் சாஸ்ஸி என்ற இடத்திலிருந்து மேலே போக 1884-லேயே மலை ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். நாங்கள் காட்டுப் பாதையில் நடந்தோம். ஏற்றம் நானூறு மீட்டருக்கு மேல்.

வழிகாட்டி ஒரு இளம்பெண். கயிறு கட்டிப் பனிமலை ஏற்றுகிறவர்கள் இங்கே தனி. இப்படிக் காடு, மண், செடி காட்டிக் கூட்டிப்போகிறவர்கள் தனி. அவள் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போயிற்று. யார் மெதுவாக நடக்கிறார்கள் என்று கொஞ்ச தூரத்திலேயே பார்த்துக்கொண்டு, அந்த ஆளைத் தனக்கு நேர் பின்னால் வரச் சொன்னாள். நான்தான் அந்த ஆள். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால், அவர் மூச்சு வாங்கி வந்து சேரும்போது மற்றவர்கள் இளைப்பாறி முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னால் விட்டால் கூட்டம் முழுக்க அவர் நடைக்கு வந்துவிடும். பள்ளியில் புதிதாக வந்திருக்கும் புவியியல் டீச்சரிடம் இதைச் சொல், அடுத்த சுற்றுலாவுக்கு உதவும்.

பாதையின் இரண்டு பக்கமும் ஓக், செஸ்ட்நட் மரங்கள். அங்கங்கே ரொபீனியா என்று ஒரு முள்மரம். வட அமெரிக்காவிலிருந்து முந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன் கொண்டுவந்தது, இப்போது காட்டையே பிடித்துக்கொண்டுவிட்டதாம். மே மாதம் அதன் வெள்ளைப் பூங்கொத்தை மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுவார்களாம். ஒரு வளைவில் மண் முழுக்க உழுதுபோட்டது போல் கிடந்தது. ராத்திரியில் காட்டுப்பன்றி கிழங்கும் புழுவும் தேடிக் கிளறின இடம். அப்புறம் அவள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். மணற்கல். அதில் ஒரு சிப்பி, என் கட்டைவிரல் நகம் அளவு, வரிகள் எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. இந்தக் குன்று முழுவதும் ஒன்றரை, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல். ஆல்ப்ஸ், அபெனைன் மலைத்தொடர்களைத் தூக்கிய அதே அழுத்தம் இதையும் தூக்கிவிட்டிருக்கிறது. இத்தனை வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம் உள்ளங்கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

மேலே போனோம். செல்வி, அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன்! முந்தின நாள் மழை பெய்திருந்தது. போ சமவெளியின் காற்று ஐரோப்பாவிலேயே மிக மோசமான காற்றில் ஒன்று. மூன்று பக்கமும் மலை அடைத்திருப்பதால் புகை வெளியேற வழியில்லை. கோடையில் பல நாள் மங்கலாகத்தான் இருக்கும். மழையோ மலைக்காற்றோ அடித்து விலக்கினால்தான் உண்டு. எங்களுக்கு அப்படி அமைந்தது. தெற்கிலிருந்து வடக்கு வரை அரைவட்டமாக ஆல்ப்ஸ். வலது கோடியில் மோன்டே ரோசா, 4,634 மீட்டர். இடது பக்கம் தனியாக, மற்ற சிகரங்களை விட்டு ஒதுங்கி, கூம்பு போல மொன்விசோ, 3,841 மீட்டர். அதன் காலடியில்தான் போ பிறக்கிறது. அங்கே பிறந்த ஆறு எனக்கு நேர் கீழே நகரத்துக்குள் வளைந்து போய்க்கொண்டிருந்தது. 652 கிலோமீட்டர் ஓடி அட்ரியாட்டிக் கடலில் சேரும் ஆறு. அதன் பிறப்பிடத்தையும் முதல் பெரிய நகரத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. 'போ நதி எங்கே உற்பத்தியாகிறது?' என்று எத்தனை கேள்வித்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருப்பேன். ஊருக்கு நடுவில் ஊசி போல் மோலே அன்டோனெல்லியானா நின்றது. 167 மீட்டர் உயரம். யூதர்கள் ஜெப ஆலயமாகக் கட்ட ஆரம்பித்து, செலவு தாங்காமல் நகராட்சியிடம் விட்டது, இப்போது சினிமா அருங்காட்சியகம். இத்தாலியின் இரண்டு சென்ட் காசில் இருக்கும் கட்டடம் அதுதான். காவ்யா பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

பேராலயத்துக்கு ஒரு கதை உண்டு. 1706-ல் பிரெஞ்சுப் படை டுரினை முற்றுகையிட்டிருந்தபோது, இந்த ஊரை ஆண்ட சவோய் பிரபு விட்டோரியோ அமெதேயோ இந்தக் குன்றில் ஏறி எதிரியின் அணிவகுப்பைப் பார்த்தார். ஜெயித்தால் இங்கே மாதாவுக்குக் கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். செப்டம்பரில் ஜெயித்தார். யுவாரா என்ற கட்டடக் கலைஞர் 1717-ல் ஆரம்பித்து 1731-ல் முடித்துக் கொடுத்தார்.

வழிகாட்டி எங்களைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போனாள். இதுவரை கலகலவென்று வந்த கூட்டம் அங்கே பேச்சை நிறுத்திவிட்டது. 1949 மே 4. இந்த ஊரின் டொரினோ கால்பந்து அணி லிஸ்பனில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. தொடர்ந்து இத்தாலியின் சாம்பியன்களாக இருந்தவர்கள். தேசிய அணியில் பாதிக்கு மேல் இவர்கள்தான். தாழ்ந்த மேகத்தில் வழி தெரியாமல் விமானம் இந்தச் சுவரில் மோதியது. 18 வீரர்கள், பயிற்சியாளர்கள், கூடப் போன பத்திரிகையாளர்கள், விமான ஊழியர்கள், மொத்தம் 31 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் விட்டோரியோ பொட்ஸோ வந்து உடல்களை அடையாளம் காட்டினார். அவர்களில் பலர் அவர் வளர்த்த பிள்ளைகள். அந்தப் பருவத்தில் இன்னும் நான்கு ஆட்டங்கள் பாக்கி இருந்தன. டொரினோ தன் இளைஞர் அணியை இறக்கியது. எதிரணிகளும் தங்கள் பெரிய ஆட்டக்காரர்களை நிறுத்திவிட்டு இளைஞர்களையே அனுப்பின. இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெயர் பொறித்த கல்லைச் சுற்றி அரக்கு நிறக் கழுத்துத் துண்டுகள் கட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும் இப்போதைய அணித் தலைவர் இங்கே வந்து அந்தப் பெயர்களை உரக்கப் படிப்பாராம். கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் அந்தக் கல்லில் இருந்த பெயர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அப்புறம் முன்பக்கம் வந்து சுவரோரம் ஒரு துணியை விரித்தார்கள். அபெரிடிவோ என்பது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ், கூடவே கொறிக்க ஏதாவது, பேச்சு. ஆனால் இந்தக் குன்றுகளில் அதைவிடப் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. மெரெண்டா சினோய்ரா என்பார்கள். கோடையில் வெளிச்சம் நீளும்போது வயலில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை என்று அடுப்பு மூட்டாமல் சாப்பிட்டது. பிறகு நகரத்துக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு விரித்ததும் அதே மாதிரிதான்: தொமீனோ என்ற சின்ன வட்டப் பாலாடைக்கட்டி, வறுத்த ஹேசல்நட், ஆலிவ், கடலைமாவில் சுட்ட ஃபரினாட்டா. பச்சை நிறத்தில் ஒரு சட்னியும் இருந்தது. 'அதில் நெத்திலி அரைத்திருக்கிறது, அம்மா தொட வேண்டாம்' என்று வழிகாட்டியே காவ்யாவிடம் சொல்லி, மற்றதை எனக்குத் தனியாக எடுத்து வைத்தாள். பென்சில் கனத்தில் நீளமாக கிரிசினி என்ற மொறுமொறு ரொட்டிக் குச்சிகள். கோயில் கட்டினாரே அந்தப் பிரபு, அவர் சிறுவயதில் ஜீரணம் இல்லாமல் கிடந்தாராம். அவருக்காக ஒரு ரொட்டிக்காரர் 1679-ல் செய்ததுதான் இது என்று இந்த ஊரில் சொல்கிறார்கள்.

மற்றவர்கள் வெர்மூத் குடித்தார்கள். அது இந்த ஊர்ச் சரக்கு. 1786-ல் கார்பானோ என்பவர் வெள்ளைத் திராட்சை மதுவில் மூலிகைகளை ஊறவைத்துச் செய்தது. எட்டிக் கசப்பான ஒரு மூலிகை அதில் கட்டாயம் உண்டு. கூடவே ஏலக்காய், பட்டை, கிராம்பு, கொத்தமல்லி விதை என்று செய்கிறவர் கைப்பக்குவம். எனக்குக் காவ்யா கிரொதீனோ வாங்கி வந்திருந்தாள். சாராயம் கலக்காதது, உள்ளங்கை அளவுக் குட்டிப் பாட்டில், ஆரஞ்சு நிறம். முதல் வாய் இனிப்பு, விழுங்கினதும் நாக்கின் பின்பக்கம் கசப்பு நிற்கிறது. கசப்பு பட்டால் எச்சில் ஊறும், பசி எடுக்கும், அதுதான் கணக்கு. உங்கள் அம்மா முதல் பிடி சோற்றுக்கு வேப்பம்பூப் பொடியும் நெய்யும் போடுவார்களே, அதே வேலைதான்.

குடி என்றாலே நம் இருவருக்கும் வயிறு எரியும். அப்பன் குடியால் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் வகுப்பில் பார்த்திருக்கிறோம், அவர்களின் அம்மாக்கள் நம்மிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்கு மாறவில்லை, மாறவும் வேண்டாம். ஆனாலும் அங்கே பார்த்ததை உள்ளபடி எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு கிளாஸ், அதுவும் சாப்பாட்டோடு, ஒரு பாட்டியும் பத்து வயதுப் பையனும் கூட உட்கார்ந்திருக்க. யாரும் யாரையும் 'இன்னொன்று' என்று வற்புறுத்தவில்லை. அந்தப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாரம் ஒரு சாயங்காலம் சிநேகிதிகளோடு இப்படி வந்துவிடுவாராம்.

அதுதான் என் மனதில் பதிந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற அந்த ஒரு மணி நேரம் நம் ஊரில் ஆண்களுக்கு டீக்கடைக்கும் பார்க்குக்கும் போகிற நேரம். நமக்கு வாசல் பெருக்க, விளக்கேற்ற, காபி போட, தோசைக்குச் சட்னி அரைக்க. நீயும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தும் சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து பேசியது எப்போது? ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டே பேசினோம், கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே பேசினோம். அந்தச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபோது காவ்யா என்னிடம் ஆபீஸில் அவள் பட்ட கஷ்டம் எல்லாம் சொன்னாள். வீட்டில் இத்தனை நாள் சொல்லவில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தால் அவள் எப்படிச் சொல்வாள்?

இறங்கும்போது ஓக் மரங்களுக்கு அடியில் மின்மினி. டார்ச்சை அணைக்கச் சொல்லி வழிகாட்டி எல்லோரையும் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் கால்களை உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்பது அவள் கட்டளை, பார்த்தோம், இல்லை.

நீ கேட்ட முட்டிப் பட்டையை இங்கேயே வாங்கிவிட்டேன், உன் அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் வருகிறோம். வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். மருமகளிடம் இப்போதே சொல்லி வை, அன்றைக்கு இட்லி மாவு எடுத்துவைத்துவிட்டு நீ என்னோடு கிளம்புகிறாய் என்று. ஆற்றங்கரை வரை நடக்கலாம், முட்டி ஒத்துழைத்தால் அதற்கு மேலும். பென்ஷன் நிலுவை விஷயம் என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுது. அண்ணனுக்கு என் வணக்கம், குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
உன் வள்ளி