கோல் இரண்டரை அடி காட்டுகிறது, கடைமடையில் தண்ணீர் இல்லை: கிளை வாய்க்காலின் நீரோட்டத்தை அளந்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கிளை வாய்க்கால் கடைமடைப் பாசனதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
பாசன உட்கோட்டம்

பொருள்: தலைப்பு மதகில் ஓட்டத்தை நேரில் அளப்பது, அளவுகோல் அட்டவணையைத் திருத்துவது, காட்டாமணக்கை அகற்றுவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் வாய்க்கால் 320 ஏக்கருக்குப் பாய்கிறது. அதில் கடைசி 90 ஏக்கர் எங்களுடையது. இந்தச் சம்பாவில் தண்ணீர் எட்டவில்லை என்று மூன்று தடவை அலுவலகத்துக்கு வந்தோம். மூன்று தடவையும் ஒரே பதில்தான்: மதகடியில் நீர்மட்டம் காட்டும் கோல் இரண்டரை அடி காட்டுகிறது, பதிவேட்டின்படி வினாடிக்கு 11 கன அடி போகிறது, நடுவில் யாராவது மடை வெட்டியிருப்பார்கள், உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். பேசினோம். மேல்மடைக்காரர்களோடு கைகலப்பு வரை போய்விட்டது. அவர்களில் பாதிப்பேர் எங்களுக்குச் சம்பந்தி முறை, ஐயா.

அப்புறம்தான் நாமே அளந்து பார்ப்போம் என்று இறங்கினோம். மதகுக்குக் கீழே களைப்பூண்டு இல்லாத நேரான இடத்தில் 60 அடிக்கு இரண்டு குச்சி நட்டோம். முதலில் தெர்மாகோல் துண்டைப் போட்டோம். காற்று அதைக் கரையில் ஒதுக்கிவிட்டது. எலுமிச்சம்பழம் சரியாக வந்தது. முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளுவதில்லை. ஐந்து பழம் விட்டுச் செல்போனில் நேரம் பார்த்தோம். சராசரி 150 வினாடி. அதாவது மேல்தண்ணீரின் வேகம் வினாடிக்கு 0.4 அடி. அடித்தண்ணீர் தரையில் உரசி மெதுவாகப் போவதால் அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும், 0.34 வருகிறது. அகலம் 6 அடி, சராசரி ஆழம் 2 அடி. ஆக, 12 சதுர அடியை 0.34 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 4 கன அடிதான்.

இந்த முறையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் 11-ஐ 4 ஆக்கிவிடும் தப்பு இதில் வராது. வினாடிக்கு ஒரு கன அடி நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும். குறைகிற 7 கன அடியை அப்படிக் கணக்குப் போட்டால், 84 ஏக்கருக்கு ஒரே நாளில் இரண்டு அங்குலம். கிட்டத்தட்ட எங்கள் நிலம் முழுக்க.

கோல் பொய் சொல்லவில்லை. இரண்டரை அடி உயரம் நிற்பது உண்மை. ஆனால் கோல் காட்டுவது உயரத்தை, ஓட்டத்தை அல்ல. கீழே அரை மைலுக்கு நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கிடப்பதால் தண்ணீர் எதிர்த்துத் தேங்கி மதகடியில் ஏறி நிற்கிறது. கோல் உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று சொல்லும் பதிவேட்டு அட்டவணையோ வாய்க்கால் சுத்தமாக இருந்த காலத்தில் போட்டது.

இதைச் சோதித்தும் பார்த்தோம். நாங்களே ஆள் திரட்டி இரண்டு நாளில் முடிந்தவரை பூண்டை வெட்டினோம். மதகை யாரும் தொடவில்லை, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரே சாட்சி. ஆற்று மட்டமும் மாறவில்லை. கோல் ஒன்றே முக்கால் அடிக்கு இறங்கியது. ஆனால் அதே 60 அடியை எலுமிச்சம்பழம் 48 வினாடியில் கடந்தது. அகலம் ஐந்தரை, ஆழம் 1.4 அடி, கணக்குப் போட்டால் 8 கன அடிக்குச் சற்று மேல். கோல் இறங்க, ஓட்டம் இரட்டிப்பானது! ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் உள்ள மட்ட வித்தியாசம்தானே மதகு வழியாகத் தண்ணீரைத் தள்ளுகிறது. வாய்க்கால் மட்டம் ஏறினால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. இது தாங்கள் அறியாததல்ல. பதிவேடு எழுதும்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த முறைத் தண்ணீருக்கு முன் மீதிப் பூண்டை இயந்திரம் வைத்து அகற்றித் தரவேண்டும். மிச்சம் கிடப்பது எங்கள் அரிவாளுக்கு அடங்காது. அகற்றியதும் நீரோட்ட மீட்டரைக் கொண்டு, மேல்மட்டத்திலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே வைத்து, மூன்று நான்கு கோல் உயரங்களில் அளந்து புது அட்டவணை போட்டுத் தரவேண்டும். அளக்கும் நாளில் மேல்மடையிலிருந்து ஒருவரும் எங்களில் ஒருவரும் கூட நிற்க அனுமதி வேண்டும்.

நிதி இருந்தால் தலைப்புக்குக் கீழே இரண்டடித் தொண்டையுள்ள பார்ஷல் அளவைத்தொட்டி (நடுவில் குறுகி, நீர் உயரத்தைக் கொண்டே ஓட்டத்தைச் சொல்லும் தொட்டி) ஒன்று கட்டித் தரலாம். அதில் ஓரடி உயரம் நின்றால் 8 கன அடி என்று யாரும் கோலைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழ்ப்பக்கமும் ஒரு கோல் வேண்டும். அங்கே உயரம் மேல்பக்கத்தில் பத்தில் ஏழு பங்கைத் தாண்டினால் பூண்டு மறுபடி அடைக்கிறது, மேல்கோலை நம்பக்கூடாது என்று தெரிந்துவிடும்.

அளந்த நோட்டின் நகலும் இரண்டு நாள் புகைப்படங்களும் இத்துடன் உள்ளன. கதிர் வாங்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு நடந்தாலும் பூண்டு வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடைப் பாசனதாரர்கள்