குளிர் நாட்டில் கருந்திராட்சை பழுக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் "ஜெர்மனி குளிர் நாடு என்பதால் வெள்ளை ஒயின் மட்டும்தான், சிவப்புக்கான திராட்சை அங்கே பழுக்காது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. ரைன் நதியில் படகுச் சவாரி போய் வந்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை?

நான் 18 வருடமாக பான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கிருந்து கொஞ்சம் தெற்கே ஆர் என்ற சிற்றாறு ரைனில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் 500 ஹெக்டேருக்கு மேல் திராட்சைத் தோட்டம், அதில் ஐந்தில் நான்கு பங்கு சிவப்பு ஒயினுக்கான ரகங்கள். பிரெஞ்சுக்காரர்கள் பினோ நுவார் என்று சொல்லும் ரகத்துக்கு இங்கே ஸ்பேட்புர்குண்டர் என்று பெயர். அதை அதிகம் பயிரிடுவதில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம் ஜெர்மனிக்குத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

என் அப்பா தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் பன்னீர் திராட்சை போட்டவர். பந்தல் நிழலில் குலை தொங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிப்போட்டு வெயில் காட்டுவதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. குளிர் நாட்டில் பழம் பழுக்க அந்த வெயில் வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு நண்பரின் தோட்டத்துக்கு அறுவடைக்குப் போவேன். நிமிர்ந்து நிற்க முடியாத சரிவு, ஒரு காலை மேலே ஊன்றி ஒரு காலைக் கீழே வைத்துத்தான் வெட்ட வேண்டும். பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் கருஞ்சிலேட்டுக் கல் பொழுது சாய்ந்த பிறகும் கையில் கதகதக்கும், பழம் பழுக்க அந்தச் சூடும் சேர்ந்துதான் உதவுகிறது. பிழிந்த சாற்றில் நிறமே இருக்காது. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டு, மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தரம் கட்டையால் அமுக்கினால்தான் சிவப்பு இறங்கும். ஏப்ரலில் துளிர்விட்டதும் உறைபனி விழுந்தால் அந்த வருடப் பாடு அவ்வளவுதான்.

2021 ஜூலை 14 இரவு அந்தச் சிற்றாறு பெருகி வந்ததில் 130 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நண்பரின் நிலவறை முழுக்கச் சேறு. பாட்டில்களைத் துடைக்காமல் சேற்றோடேயே விற்றார்கள், வாங்கியவர்களும் அப்படியே கேட்டு வாங்கி உதவினார்கள். அதைப் பற்றி அப்போது உங்களுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். வெளிவரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. அதற்கடுத்த வருடம் ரைன் கரைப் படத்துக்குக் கீழே பிரான்ஸ் என்று போட்டிருந்தீர்கள். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை. ஒரு கட்டுரைக்கு "சாராயத் தோட்டங்கள்" என்று தலைப்பு வைத்தீர்களே, வெயிலிலும் பனியிலும் கொடியைக் கட்டிக் காக்கிறவர்களுக்கு அதுவா பெயர்?

சென்ற இதழ் என் மேசையில் கிடந்தபோது நண்பர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. படத்தைக் காட்டி, எங்கள் நாட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆசையாகக் கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, ஊர் அழகாக இருக்கிறதாம் என்று மழுப்பிவிட்டேன்.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள், போதும். அதையாவது அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன், பான், ஜெர்மனி