அது மணி இல்ல சார், கல்லு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கொரிய ராஜாக்களோட முன்னோர் வழிபாடு பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, எங்க வீட்டுல கொரியன் சீரியல் பாக்குற புள்ளைங்க கூட பிடுங்கிப் பிடுங்கி படிச்சுதுங்க, அதுக்கு நன்றி. ஆனா போட்டோவுக்கு கீழ 'அரசவை மணிகள்'னு போட்டிருக்கீங்க. அது மணி இல்ல சார், கல்லு. முழங்கை மடக்குன மாதிரி வளைஞ்ச 16 கல்லை ரெண்டு வரிசையா தொங்கவிட்டு கொம்பால தட்டுவாங்க, பேரு பியோன்கியோங். மணி செட்டு தனி, அது பியோன்ஜோங். அதை விட பெரிய வருத்தம் என்னன்னா, 'சீனாவைப் பாத்து அப்படியே எடுத்துக்கிட்ட பக்தி இசை'ன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. பாதி சரி, பாதி தப்பு, அந்த தப்பான பாதிலதான் சார் மேட்டரே இருக்கு.

சீனாவுல இருந்து வந்தது நிஜம்தான். 1116ல சீனாவோட சோங் வம்சத்து பேரரசர் ஹுய்சோங், கோரியோ ராஜா யேஜோங்குக்கு (கொரியாவுக்கு அப்ப கோரியோன்னுதான் பேரு) கல்லு மணி எல்லாம் செட்டு செட்டா அனுப்பி வெச்சாரு. பாசத்துல அனுப்பல, வடக்க லியாவ்ங்கற நாட்டோட தொல்லை, கோரியோ நம்ம பக்கம் நிக்கணும்னு ஒரு கணக்கு. வாங்கிக்கிட்டவருக்கும் லாபம்தான், சடங்கு இசை முறைப்படி இருந்தாதான் அரசாட்சி முறைப்படி இருக்குன்னு கன்ஃபூசிய ஆளுங்க நம்புன காலம் அது. கூடவே ஒரு அளவுகோலும் வந்துச்சு பாருங்க, சடங்குல இசையோட ஆட்டமும் உண்டு, பேரரசர் கோயில்னா 8 வரிசைல 64 பேர் ஆடலாம், அவருக்கு கீழ இருக்குற ராஜான்னா 6 வரிசை, 36 பேர்தான். கொரியாவுல கோரியோவுக்கு அப்புறம் வந்த ஜோசன் வம்சம் 6 வரிசைலயே நின்னுது, 1897ல கோஜோங் தன்னையே பேரரசர்னு அறிவிச்ச பிறகுதான் 8 வரிசை, 64 பேர் ஆச்சு. ஆடுற ஆளை எண்ணிப் பாத்தே அந்த நாடு யாருக்கு கீழன்னு சொல்லிடலாம்.

இப்ப கல்லு கதைக்கு வர்றேன். கல்லு சூட்டுக்கும் குளிருக்கும் சுருதி மாறாது, அதனால மத்த வாத்தியம் எல்லாம் அதை வெச்சுதான் சுருதி சேத்துக்கணும், அதுக்கும் சீனாவை எதிர்பாத்து எத்தனை நாளைக்கு உக்காந்திருக்கறது. ஜோசன் வம்சத்து சேஜோங் ராஜா காலத்துல நாம்யாங்ங்கற ஊர்ல நல்ல கல்லு கிடைக்க, பாக் யோன்னு ஒரு அதிகாரி அதை செதுக்கி செட்டு பண்ணிட்டாரு. 1433 புத்தாண்டு அன்னைக்கு அரசவைல வாசிச்சுக் காட்டுறாங்க. கேட்டு முடிச்ச ராஜா, எல்லாம் சரி, ஆனா இந்த ஒரு கல்லு மட்டும் கொஞ்சம் சுருதி தூக்கலா இருக்கே ஏன்ங்கறாரு. பாக் யோன் ஓடிப்போய் பாத்தா, தேய்க்கறதுக்காக போட்ட மை கோடு அந்த கல்லுல இன்னும் லேசா இருக்கு, முழுசா தேய்க்கல. தேய்ச்சதும் சரியாயிடுச்சு. அரசவைக் குறிப்புலயே இருக்குற விஷயம் இது. ராஜாவைப் புகழ எழுதுனதுன்னே வெச்சுக்குங்க, எதை வெச்சு புகழுறாங்கன்னு பாருங்க, வாளை வெச்சு இல்ல, காதை வெச்சு!

அதே சேஜோங்தான் 1430லயே ஒரு கேள்வி கேட்டாரு, நம்ம ஜனங்க உயிரோட இருக்குறப்ப நம்ம ஊர் பாட்டைக் கேக்கறாங்க, செத்த பிறகு சீனத்து பாட்டை வாசிக்கிறோம், இது எப்படின்னு. கேட்டுட்டு சும்மா இல்ல. கைல ஒரு குச்சியை வெச்சு தரைல தட்டித் தட்டியே ஒரே சாயங்காலத்துல புது இசைக்கு தாளக்கட்டு போட்டுட்டார்னு 1449 குறிப்பு சொல்லுது. முன்னோரோட நல்லாட்சியைப் பாடறது போத்தேப்யோங், போர் வெற்றியைப் பாடறது ஜோங்டேயோப். அந்த முன்னோர்ல முக்கியமானவர் யாரு, 1388ல சண்டைக்கு அனுப்புன படையை வழிலயே திருப்பிக் கொண்டுவந்து, 1392ல கோரியோ ஆட்சியையே எடுத்துக்கிட்டு ஜோசன் வம்சத்தை ஆரம்பிச்ச தளபதி யி சொங்கே. அவர் பண்ணதை வானம் கொடுத்த உரிமையா மாத்திக்காட்ட வாளும் ஈட்டியுமா ஒரு ஆட்டம் வேண்டியிருக்கு. இதைப் போய் பக்தி இசைன்னா எப்படி சார்?

ஆனா சேஜோங் இருந்தவரைக்கும் அந்த இசை விருந்து மண்டபத்தோட சரி, செத்த ராஜாக்களோட பேர்ப்பலகையை வெச்சு கும்பிடற ஜோங்மியோ கோயிலுக்குள்ள போகல. அதை 1464ல உள்ள கொண்டுபோனது அவர் ரெண்டாவது பையன் சேஜோ. எந்த சேஜோ? அண்ணன் மகன் டான்ஜோங்கை இறக்கிட்டு 1455ல சிம்மாசனத்துல உக்காந்த அதே சேஜோ, அந்தப் பையன் ரெண்டு வருஷத்துல செத்தும் போயிட்டான். அப்பா போட்ட மெட்டை தாத்தா முன்னாடி வாசிக்க வெச்சா வாரிசு யாருன்னு யாரும் வாய் திறந்து கேக்க முடியாது இல்ல? இது என் கணிப்புதான், ஆனா எனக்கு வேற மாதிரி தோணல. டான்ஜோங்கோட பேர்ப்பலகை அந்த கோயிலுக்குள்ள வந்தது 1698ல, அவன் செத்து 241 வருஷம் கழிச்சு. ஆட்சில இருந்து இறக்கப்பட்ட வேற ரெண்டு ராஜாக்கள் யோன்சான்குன், குவாங்ஹேகுன், இவங்களுக்கும் இன்னைக்கு வரைக்கும் அங்க இடம் இல்ல, அவங்களுக்கு யாரும் வாசிக்கறதும் இல்ல.

நான் இவ்வளவு பேசறதுக்கு காரணம், வேலை விஷயமா சியோல் போனப்ப ஒரு மே மாசம் முதல் ஞாயிறு அந்த ஜோங்மியோ சடங்கை நேர்லயே பாத்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா முதல் அரை மணி நேரம் தூக்கம் வந்துச்சு, அவ்வளவு மெதுவு, கருங்கல் முற்றத்துல வெயில் வேற. மேல திண்ணைல ஒரு குழு, கீழ முற்றத்துல ஒரு குழு, மாத்தி மாத்தி வாசிக்கிறாங்க. ஆரம்பிக்க ஒரு மரப்பெட்டிக்குள்ள உலக்கை மாதிரி ஒண்ணை விட்டு இடிக்கிறாங்க. முடிக்கறதுக்கு படுத்திருக்குற ஒரு மரப்புலி, முதுகுல 27 பல்லு, பிளந்த மூங்கிலால தலைல மூணு தட்டு தட்டி முதுகை சரக் சரக்னு மூணு தடவை இழுத்ததும் அத்தனை பேரும் கப்சிப்.

அந்தப் புலி போட்டோ கிடைச்சா அடுத்த இணைப்புல போடுங்க. கல்லுக்கு ஒரு திருத்தமும் போட்டுடுங்க, புள்ளைங்க அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சிருக்காங்க.

இப்படிக்கு,
ஸ்ரீபெரும்புதூர் வாசகர் ஒருத்தர்