அம்மா திரும்பிப் போகமாட்டாவாம்

மதிப்புக்குரிய விசா அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். என் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் வந்து ஆறு கிழமை நிற்க அம்மா விசா கேட்டிருந்தா. அதை மறுத்து நீங்கள் எழுதிய கடிதம் போன கிழமை யாழ்ப்பாணத்தில், மயிலிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளைதான் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அன்றிரவு அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: “நான் திரும்பி வரமாட்டன் எண்டு ஆர் பிள்ளை அவையளுக்குச் சொன்னது?”

அதை அப்படியே உங்களிடம் கேட்கிறேன்.

நீங்கள் காட்டிய காரணம் வருகையாளர் விதி, 4.2ஆம் பந்தி. தங்கும் காலம் முடிந்ததும் அம்மா பிரித்தானியாவை விட்டுப் போவா என்பதில் உங்களுக்குத் திருப்தி இல்லை. சொந்த ஊரோடு வலுவான பிணைப்பு இருப்பதாகவும் தெரியவில்லை.

1990 ஜூனில் போரால் மயிலிட்டியோடு வலிகாமம் வடக்குச் சனமெல்லாம் வெளியேறியபோது அம்மா ஒரு பையோடும் வீட்டுத் திறப்போடும் நடந்தா. நான் பிறந்தது அடுத்த வருடம், சுன்னாகத்தில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில். அதன் பிறகு எத்தனை வீடு மாறினோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். எங்கே போனாலும் அந்தத் திறப்பு அம்மாவின் தலையணைக்குக் கீழே இருந்தது. 2017 ஜூலையில் இராணுவம் தான் பிடித்து வைத்திருந்த மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டபோது, முதல் நாளே போய் நின்றா. திறப்பதற்குக் கதவு இல்லை. கதவென்ன, சுவரே இல்லை. பற்றைக்குள் அத்திவாரமும், குப்பை நிரம்பிய கிணறும்தான். அந்தக் கிணற்றை ஆள் பிடித்து நான்கு நாள் இறைப்பித்து, ஐந்தாம் நாள் அதில் அள்ளித்தான் தேத்தண்ணி வைத்தா.

ஒரு துண்டுக் காணிக்குத் திரும்பிப் போக இருபத்தேழு வருடம் காத்திருந்த மனுசி, ஆறு கிழமையில் அதை மறந்துவிடுவாவா? அது அம்மாவின் சீதனக் காணி. காணி உறுதிப் பத்திரத்தை மொழிபெயர்த்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு இணைத்திருந்தோம். உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து அந்தக் கோப்பைத் திரும்ப ஒருமுறை திறந்து பாருங்கள்.

வங்கிக் கணக்கில் திடீரென்று காசு வந்ததும் சந்தேகமாம். செலவெல்லாம் என்னுடையது என்று நான் எழுதித் தந்திருந்தும், மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வர அம்மாவுக்கு மனமில்லை. மாட்டையும் கன்றையும் விற்றா. அதற்கு ரசீது இல்லைதான். எங்கள் பக்கத்தில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், காசை எண்ணித் தருவார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த முறை பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்கிறேன்.

ஆறு கிழமை ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும். அதுவரை எனக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்கரைத்துக் கறி வைக்க ஒரு ஆள் வேண்டும். மிச்சம் பயண நாள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நிற்க வேண்டும் என்று திரும்பும் தேதியைக் குறித்ததே அம்மாதான்.

முன்பென்றால் இதை ஒரு நீதிபதியிடம் சொல்லியிருக்கலாம். குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இருந்த அந்த மேன்முறையீட்டு உரிமையை 2013 ஜூன் 25இல் எடுத்துவிட்டீர்கள். மனித உரிமை என்று வழக்காடலாமாம். அது முடிவதற்குள் என் பிள்ளை பாலர் வகுப்புக்குப் போய்விடும். இல்லாவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதாவது, திரும்பவும் கட்டணம், திரும்பவும் கொழும்புக்கு இரவு பஸ், திரும்பவும் விரலடையாளத்துக்காகத் தேய்ந்த விரல்களை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் அழுத்துவது. இதைச் செய்யச் சொல்கிறவர்கள் அந்த பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்த்தால் நல்லது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது சலுகை இல்லை. தந்த ஆவணங்களை வாசித்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான். எனக்கு நாள் குறித்திருப்பது இன்னும் ஐந்து கிழமையில். அம்மா சரக்குத்தூளை இடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறா.

இங்ஙனம்,
விண்ணப்பதாரியின் மகள்,
லண்டன்