செல்வத்துக்கு ஒரு கடிதம்: 28 நாளா, 28 வாரமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு முன்னால் சர்க்கரை இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அலைச்சலோ அலைச்சல். இப்போது நன்றாகப் பார்க்கிறார். கட்டு பிரித்த மறுநாளே, "ஏன்டா இப்படிக் கறுத்துப் போய்விட்டாய்?" என்று என்னைக் கேட்டார். நான் பிறந்ததிலிருந்தே இதே நிறம்தான் என்பது உனக்குத் தெரியும்.

உன் பெண்ணுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, நம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அவளிடம் சொல், மனசு ஆறுதலாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். '28 டேஸ் லேட்டர்' என்ற ஆங்கிலத் திகில் படத்தைவிட அதன் இரண்டாம் பாகம் '28 வீக்ஸ் லேட்டர்'தான் உசத்தி என்று உன் பையன் சாதிக்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். போன வாரம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் துணைக்கு உட்காரவில்லை. பையன் சொல்வதில் பத்து நிமிஷ அளவுக்கு நியாயம் இருக்கிறது. எந்தப் பத்து நிமிஷம் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் படம் 2002இல் வந்தது. அலெக்ஸ் கார்லண்ட் எழுதி டேனி பாயில் இயக்கியது. நாம் ரூமில் பார்த்தபோது படம் மங்கலாக இருக்கிறது, பிரிண்ட் சரியில்லை என்று நீ சிடி கடைக்காரரிடம் சண்டைக்கே போனாயே, ஞாபகம் இருக்கிறதா? பாவம், அவர் மேல் தப்பில்லை. படத்தின் பெரும்பகுதியை கேனன் எக்ஸ்எல்1 என்ற சின்ன வீடியோ கேமராவில்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த ரகம். லண்டன் தெருக்களை அதிகாலையில் சில நிமிஷங்களுக்கு மேல் மறிக்க முடியாது. பெரிய ஃபிலிம் கேமராவை நிறுத்திச் சரிசெய்வதற்குள் ஊர் விழித்துக்கொள்ளும். சின்ன கேமராக்கள் என்றால் ஒரே நேரத்தில் பல இடத்தில் வைத்து எடுத்துவிட்டுக் கிளம்பலாம். கடைசிக் காட்சியை மட்டும் ஃபிலிமில் எடுத்தார்கள். மலையும் புல்வெளியும் திடீரென்று பளிச்சென்று வரும்போது நமக்கே மூச்சு விட்ட மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் கோமாவிலிருந்து எழுந்த ஜிம் (கில்லியன் மர்ஃபி) கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடக்கிறான். பைக்குள் குளிர்பான டின்கள். தரையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற பொம்மை பிக் பென்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பிணம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. கீழே கிடக்கும் ரூபாய் நோட்டுகளை, பவுண்டுதான், பொறுக்கிப் பையில் திணித்துக்கொள்கிறான். உலகமே முடிந்துபோன பிறகும் காசைக் கண்டால் கை தானாகக் குனிகிறது பார்! எத்தனை பேர் அந்தக் காட்சியை நகலெடுத்தாலும் இந்த ஒரு அசைவு யாருக்கும் அகப்படவில்லை.

இது ஜாம்பி படமே இல்லை என்று சிலர் வாதம் செய்வார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். இதில் செத்தவர்கள் எழுந்து வருவதில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சிம்பன்சிகளிடமிருந்து தொற்றும் வெறி வைரஸ், ரத்தமோ எச்சிலோ பட்டால் சில நொடிகளில் ஆளை மாற்றிவிடுகிறது. மாறியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஆனால் சாப்பிடத் தெரியாது. ஆகவே பட்டினியில் தானாகச் செத்துப்போவார்கள். இந்த ஒரு விதியிலிருந்துதான் இரண்டாம் பாகமே முளைக்கிறது. 28 வாரத்தில் எல்லோரும் செத்து முடிந்திருப்பார்கள், அமெரிக்கப் படை உள்ளே வந்து ஊரைச் சுத்தம் செய்து மக்களைக் குடியேற்றலாம்.

முதல் படத்தின் உயிர் ஜிம் இல்லை, செலினா (நவோமி ஹாரிஸ்). கூட இருந்த மார்க்குக்குக் கையில் காயம் என்று தெரிந்த அந்த நொடியிலேயே, அவன் கெஞ்சக் கெஞ்ச வெட்டிப்போடுகிறாள். உனக்கு வந்தாலும் இதுதான், ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன் என்று ஜிம்மிடம் சொல்லிவிடுகிறாள். பிழைத்திருப்பதைத் தவிர வேறு எந்தத் திட்டமும் அவளுக்குக் கிடையாது. அப்புறம் டாக்சி டிரைவர் ஃபிராங்கும் (பிரெண்டன் கிளீசன்) அவர் மகள் ஹன்னாவும் வந்து சேர்கிறார்கள். மனுஷன் ஆளில்லாத சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களை அள்ளிக்கொண்டு, கவுண்டரில் கிரெடிட் கார்டை வைத்துவிட்டுப் போகிறார்! அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் செலினா இளகுகிறாள்.

அவர் சாவு எப்படி வருகிறது? மான்செஸ்டர் பக்கம், காப்பாற்றுவோம் என்று ரேடியோவில் அழைத்த ராணுவத்தின் தடுப்பில் யாரும் இல்லை என்ற ஆத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மேலே ஒரு பிணத்தைக் காக்கை கொத்திக்கொண்டிருக்கிறது. சத்தம் போட்டு அதை விரட்டுகிறார். அண்ணாந்து பார்த்த கண்ணில் ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. ஓடி வரும் மகளிடம், கோபப்பட்டதற்கு வருந்துகிறேன், உன் மேல் எனக்கு உயிர் என்கிறார். அதே மூச்சில், பக்கத்தில் வராதே என்று அவளைத் தள்ளிவிடுகிறார். கூட்டம் கூட்டமாக ஜாம்பிகளைக் கொண்டுவந்து கொட்டினாலும் இந்த ஒரு சொட்டுக்கு ஈடாகாது. (அம்மாவுக்கு மருந்து விடும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. அவரிடம் சொல்லவில்லை.)

இப்போது அந்தப் பத்து நிமிஷம். 2007இல் வந்த இரண்டாம் பாகத்தை எடுத்தவர் ஸ்பெயின்காரர், ஹுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னடியோ. பாயிலும் கார்லண்டும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக மட்டும் நின்றுகொண்டார்கள். ஆரம்பத்தில் ஒரு பண்ணை வீடு. ஜன்னலெல்லாம் பலகை அடித்திருக்கிறது, உள்ளே நடுப்பகலிலும் இருட்டு. டான் (ராபர்ட் கார்லைல்), அவன் மனைவி ஆலிஸ், இன்னும் நாலைந்து பேர். ஒரு சிறுவன் வந்து கதவைத் தட்டுகிறான். திறந்துவிட்டதும் அவன் பின்னாலேயே வெறி பிடித்தவர்களும் வந்துவிடுகிறார்கள். மாடி அறையில் ஆலிஸ் சிறுவனை விட மாட்டேன் என்கிறாள். டான் வாசலில் நிற்கிறான். ஒரு பார்வை பார்க்கிறான். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் நிற்கவில்லை. வயல் முழுக்கத் துரத்தல், ஆற்றில் ஒரு மோட்டார் படகு, அவ்வளவுதான்.

செல்வம், செலினா வாயால் சொன்னதை டான் செய்து காட்டிவிட்டான். ஒரு நொடிகூட யோசிக்காதே, பிழைத்துக்கொள் என்றாள் அவள். அவளை நமக்குப் பிடித்தது, இவனைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. ஏன்? கணக்குப்படி டான் செய்ததில் தப்பே இல்லை, உள்ளே போயிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள். ஜான் மர்ஃபியின் அந்த இசையைக் கவனி. முதல் படத்தின் கடைசியில் சிப்பாய்கள் பெண்களை அடைத்து வைத்திருக்கும் மாளிகைக்குள் ஜிம் புகுந்து அவர்களை மீட்கும்போது ஏறிக்கொண்டே போகும் அதே மெட்டுத்தான், இங்கே டான் மனைவியை விட்டுவிட்டு ஓடும்போது ஒலிக்கிறது. மீட்க வந்தவனுக்கும் விட்டு ஓடியவனுக்கும் ஒரே பாட்டு. உன் பையனுக்கு இந்த இடம் பிடித்திருந்தால் ரசனை உள்ளவன்தான்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் படம் தாக்குப்பிடிக்கிறது. அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை என்று டான் பிள்ளைகளிடம் பொய் சொல்கிறான். பார்த்தால் ஆலிஸ் உயிரோடு கிடைக்கிறாள். கடிபட்டும் வெறி பிடிக்கவில்லை, ஆனால் ரத்தத்திலும் எச்சிலிலும் வைரஸ் இருக்கிறது. கட்டிப்போட்டிருக்கும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டு முத்தம் கொடுக்கிறான். அந்த முத்தத்திலேயே தொற்றிக்கொள்கிறது. அவளைக் கொல்லும்போது கண்களுக்குள் கட்டைவிரலை அழுத்துகிறான். முதல் படத்தில் வெறி பிடிக்காத ஜிம் ஒரு சிப்பாயைக் கொன்ற அதே முறை. ஜிம்முக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக் கத்தியை ஓங்கிய செலினா அங்கே தயங்கினாள் அல்லவா? இங்கே தயங்க யாரும் இல்லை.

இதோடு கதை செத்துவிட்டது என்பேன். உலகத்திலேயே அபூர்வமான அந்த ரத்தம் உள்ளவளுக்கு வாசலில் ஒரு காவல்காரன்கூட இல்லையாம், பராமரிப்பு வேலை பார்ப்பவன் தன் கார்டைத் தேய்த்து உள்ளே போய்விடுகிறானாம். போகட்டும் என்று விடலாம். ஆனால் மாறியவர்களுக்குப் புத்தி கிடையாது என்ற விதியை மறந்துவிட்டு, டான் மட்டும் பிள்ளைகள் போகிற இடமெல்லாம் மோப்பம் பிடித்து வருகிறான். அந்தத் துயரமான மனிதனை சீரியல் வில்லன் ஆக்கிவிட்டார்கள்.

ராணுவத்தைக் காட்டியதில் மட்டும் எனக்குக் குறையில்லை. தேம்ஸ் வளைவிலுள்ள ஐல் ஆஃப் டாக்ஸில் வேலிக்குள் ஒரு பாதுகாப்பு மண்டலம். 2007இல் பார்த்தவர்களுக்கு, அப்போது அமெரிக்கப் படை இருந்த பாக்தாத் ஞாபகம் வராமல் இருந்திருக்காது. தொற்றியவர்களைச் சுடு என்ற உத்தரவு, யாரையும் பிரித்தறிய முடியாமல் போனதும் எல்லோரையும் சுடு என்று மாறுகிறது. மாடியில் குறி பார்த்துப் படுத்திருக்கும் சிப்பாய் (ஜெரமி ரென்னர்) தொலைநோக்கியில் ஒரு சிறுவனைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை இறக்குகிறார். நல்ல இடம். ஹெலிகாப்டர் விசிறியால் கூட்டத்தை அறுப்பதெல்லாம் கைதட்டலுக்கு.

பையனிடம் இப்படிச் சொல்: ஆரம்பத்துக்கு இரண்டாவது படம், முழுப் படத்துக்கு முதலாவது. 2025இல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தை பாயிலும் கார்லண்டுமே சேர்ந்து செய்தார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் பாரிஸ்வரை போன வைரஸை, ஐரோப்பாவிலிருந்து விரட்டியாயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் அதில். அவர்களுக்கும் இரண்டாம் பாகத்தின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை போலிருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது வேறு ரகம்.

பொங்கலுக்கு மதுரை வரலாம் என்று இருக்கிறோம், அம்மாவும் வருவார். டிக்கெட் கிடைத்ததும் போன் செய்கிறேன். நாங்கள் வரும் நாள்களில் உன் பையனை ஊர் சுற்றப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல், இரண்டு வார்த்தை பேச வேண்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி